முடக்கில் ஹோர்ன், முன்னால் குதிரை

மலையகத்தில் வண்டி ஓட்டப் பழகுகிறவருக்குக் கிளட்ச், கியர் எல்லாம் பிடிபட்டதும் சொல்லித்தருவது ஹோர்ன். ரம்பொடையிலிருந்து லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், எதிரே என்ன வருகிறது என்பது முடக்கைத் தாண்டும்வரை கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் முடக்கு வருமுன் ஒரு தடவை, முடக்கில் ஒரு தடவை அடிக்கிறோம். பல உயிர்களைக் காத்த பழக்கம் அது.

அதே ஹோர்னைக் குதிரைக்குப் பின்னால் அடித்தால் என்ன ஆகும் என்பதைப் பன்னிரண்டு வயதில் பார்த்தேன். அப்பா மரக்கறி லொறி ஓட்டினார். பள்ளிக்கூட விடுமுறையில் கந்தப்பளையில் கரட், லீக்ஸ், கோவா மூட்டைகள் ஏற்றும்போது நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். அன்று நகரத்துக்கு இறங்கும் வழியில் ஒருவர் ஒரு சாம்பல்நிறக் குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அப்பா லொறியை ஆமை வேகத்துக்குக் குறைத்துவிட்டு, அவர் பின்னாலேயே உருட்டினார். “ஏன்பா ஹோர்ன் அடிக்கல?” என்று கேட்டேன். “அது வண்டி இல்ல கண்ணு. ஹோர்ன் அடிச்சா வண்டி வெலகும். குதிர பாயும்” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, எங்களுக்குப் பின்னால் வந்த வான் ஒன்று நீளமாக ஹோர்ன் அடித்தபடி எங்களை முந்தியது. குதிரை அரை வட்டம் சுழன்று ரோட்டின் நடுவுக்கு வந்தது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிவைத்திருந்த அந்த மனிதர் அதோடு இழுபட்டு, முழங்கால் தேய விழுந்தார். லொறியின் முன்சில்லுக்கும் அவர் தலைக்கும் இரண்டு முழம்கூட இருக்கவில்லை. லொறி ஏற்கெனவே நின்றிருந்ததால் அவர் பிழைத்தார். வான் நிற்காமல் போய்விட்டது.

அந்த வான்காரர் கெட்ட மனிதராக இருந்திருக்க வேண்டியதில்லை. மலைப்பாதையில் அவருக்குக் கற்பித்ததையே செய்தார். நம் பாதைகளில் குதிரையைக் கடக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. மாடு தெரியும், நாய் தெரியும், தோட்டத்துக்குள் வரும் மரை தெரியும். குதிரையை மட்டும் ஒன்று வண்டி என்று எண்ணுகிறோம், இல்லாவிட்டால் பாதசாரி என்று எண்ணுகிறோம். இரண்டும் தவறு. இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதன் காரணம் அதுதான்.

குதிரைக்காகப் போட்ட பாதை

இந்தப் பாதைகளில் முதலில் நடந்தவை குதிரைகள்தான். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், மலைநாட்டுக்கு வீதிகள் வெட்டப்பட்டபோது அவற்றின் ஏற்றமும் வளைவும் குதிரைக்கும் மாட்டுவண்டிக்கும் கணக்கிட்டவை. நுவரெலியாவில் அவர் கட்டிய மாளிகைதான் இன்றைய கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம். ரயில் நானுஓயாவுக்கு வந்தது 1885இல். அதற்கு முன் துரைமார் தோட்டத்துக்குத் தோட்டம் போனதெல்லாம் குதிரையில். துரை மேலே உட்கார்ந்திருப்பார். குதிரைக்காரர் பின்னாலேயே காலால் ஓடி வருவார். அந்தக் குதிரைக்காரர் பெரும்பாலும் நம் ஆள். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, லாடம் பார்த்து, மிரண்டால் அடக்கி, அதன் குணத்தைத் துரையைவிட நன்றாக அறிந்திருந்தவர். தோட்டங்களின் கதையில் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம்.

நுவரெலியா ரேஸ்கோர்ஸ் 1875இல் தொடங்கியது. இன்றும் ஏப்ரல் சீசனில் பந்தயம் நடக்கிறது. அதே மாதத்தில், 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயமும் உண்டு, பூக்கண்காட்சியும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் சிறிய நகரத்தில், ஆண்டின் மிக நெரிசலான நான்கு வாரங்களில், குதிரையும் இயந்திரமும் ஒரே தெருவில் இறங்குகின்றன. ரேஸ்கோர்ஸுக்கும் கிரகரி வாவிக்கும் பக்கத்தால் பதுளை வீதி போகிறது. வாவிக் கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளும், பிள்ளைகளை ஏற்றி நடத்தும் மட்டக்குதிரைகளும் அந்த வீதியைக் கடந்தே ஆக வேண்டும்.

குதிரைக்கு ரோடு எப்படித் தெரிகிறது

ஒரு குதிரை 300 முதல் 500 கிலோ வரை எடை இருக்கும். அவ்வளவு பெரிய உடம்புக்குள் இருப்பது இரையாகப் பிறந்த விலங்கின் மனம். ஆபத்து என்று தோன்றினால் மாடு நின்று பார்க்கும், நாய் குரைக்கும், குதிரை முதலில் ஓடும், ஓடிய பிறகுதான் திரும்பிப் பார்க்கும். எத்தனை வருடம் பழக்கினாலும் இந்த இயல்பு மறைவதில்லை, தணிகிறது அவ்வளவுதான். “எங்க குதிர ரொம்ப சாது” என்று சொல்லும் குதிரைக்காரர் பொய் சொல்லவில்லை. சாதுவான குதிரையும் வாழ்க்கையில் ஒரு நாள் மிரளும்.

அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை சுற்றளவுக்குப் பார்க்கிறது. பார்க்க முடியாதவை இரண்டு இடங்கள்: நெற்றிக்கு நேர் முன்னால் சிறிதளவு, வாலுக்கு நேர் பின்னால் சிறிதளவு. பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஓட்டோ அந்தக் குருட்டு இடத்தில்தான் இருக்கிறது. சத்தம் கேட்கிறது, உருவம் தெரியவில்லை. குதிரையின் மனதில் அது பாயக் காத்திருக்கும் மிருகம். ஓட்டோ திடீரென்று பக்கவாட்டில் தோன்றும்போது அந்த மிருகம் பாய்ந்தே விட்டது.

காது இன்னும் கூர்மை. மனிதக் காதுக்கு எட்டும் உச்ச ஒலி ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ். குதிரை 30,000த்தையும் தாண்டிக் கேட்கும். இரண்டு காதுகளும் தனித்தனியே திரும்பும். பஸ்ஸின் ஏர்பிரேக் ‘உஸ்ஸ்’ என்று காற்றை விடும் சத்தம் நமக்குப் பழகிப்போனது. குதிரைக்கு அது பாம்பின் சீறலைப் போன்ற கூர்மையோடு விழுகிறது. மோட்டார் சைக்கிளின் சைலன்சர் வெடிப்பதும், லொறியின் தார்ப்பாய் காற்றில் அடிப்பதும், டின் ஷீட் உரசுவதும் அப்படித்தான். தேர்த் திருவிழாக் காலத்தில் தப்பும் பட்டாசும் சேர்ந்து வரும் ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு குதிரையைக் கொண்டுபோய் நிறுத்துவது, மனிதருக்கும் குதிரைக்கும் செய்யும் கொடுமை.

நிறங்களில் நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும். சிவப்பைப் பச்சையிலிருந்து பிரித்தறியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது அதன் கண் பழக நம்மைவிட நேரம் எடுக்கிறது. நுவரெலியாவைச் சுற்றிய வீதிகளில் வெயில் பட்ட திருப்பத்துக்கு அடுத்தாற்போல் சைப்பிரஸ் மரங்களின் கருநிழல் விழும். அந்த எல்லையில் குதிரை திடீரென நிற்பதைக் கண்டு பிடிவாதம் என்று அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பார்க்க முயல்கிறது. ரோட்டில் தேங்கிய தண்ணீரின் ஆழமும் அதற்குத் தெரியாது. குட்டையைத் தவிர்க்க வலப்பக்கம் ஒதுங்கும், அதாவது வண்டிகளின் பக்கம். மழை விட்ட பிறகு குதிரையைக் கடக்கிற சாரதி ரோட்டில் குட்டை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மிரளப்போகும் குதிரை முன்கூட்டியே சொல்லிவிடும். தலை உயரும், காதுகள் ஒரே திசையில் விறைக்கும், நடை குறுகும், கண்ணின் வெள்ளை தெரியும். அப்போது அதற்குப் பின்னால் இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே. நிற்க வேண்டும்.

சாரதிக்கு

பிரித்தானியாவின் நெடுஞ்சாலைக் கோவை 2022 ஜனவரி 29 முதல் ஒரு தெளிவான அளவைச் சொல்கிறது: குதிரையைக் கடக்கும்போது வேகம் மணிக்கு 10 மைல், நம் கணக்கில் 16 கிலோமீற்றர், அதற்கு மேல் வேண்டாம், இடையே குறைந்தது 2 மீற்றர் இடைவெளி வேண்டும். ஹோர்ன் அடிக்க வேண்டாம், என்ஜினை உறும விட வேண்டாம், கடந்த கையோடு சட்டென்று வேகமெடுக்கவும் வேண்டாம் என்கிறது. அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். மலையகத் தோட்டங்களுக்குக் குதிரையைக் கொண்டுவந்ததும் அவர்களே. அவர்கள் தங்கள் ஊரில் இன்று வைத்துக்கொண்டிருக்கும் விதியை நாமும் எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் அந்த 2 மீற்றரை நம் ரோட்டில் அளந்து பாருங்கள். குதிரையும் அதைப் பிடித்திருப்பவரும் ரோட்டின் விளிம்பிலிருந்து ஒன்றரை மீற்றர் எடுத்துக்கொள்வார்கள். இடைவெளி 2 மீற்றர். பஸ்ஸின் அகலம் 2.5 மீற்றர். கூட்டினால் 6 மீற்றர். மலைப்பாதையில் பல இடங்களில் முழு ரோடே அவ்வளவுதான். எதிரே ஏதாவது வந்தால், அல்லது வருமா என்று தெரியாத முடக்காக இருந்தால், பஸ் குதிரையைக் கடக்க முடியாது என்பது இந்தக் கணக்கின் முடிவு. நேரான, அகலமான இடம் வரும்வரை பின்னால் உருட்ட வேண்டும். குதிரையின் நடை மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர். 200 மீற்றர் பின்னால் போக இரண்டு நிமிடம். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் பஸ், ஒரு தரிப்பிடத்தில் மூட்டை இறக்க அதைவிட அதிக நேரம் நிற்கும்.

வேகத்தையும் கணக்கிடலாம். 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 14 மீற்றர் போகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று கொண்டால், கால் படுவதற்குள் 21 மீற்றர் போய்விடும். ஈர ரோட்டில் நிற்க இன்னும் 25 மீற்றர் அளவில் தேவை. மொத்தம் 45 மீற்றருக்கு மேல். இறக்கமாக இருந்தால் இன்னும் கூடும். பிற்பகல் பனி மூட்டத்தில் நமக்குத் தெரிவது பல நாட்களில் 30 மீற்றர்கூட இல்லை. அதே ரோட்டில் 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வண்டி ஒன்பது மீற்றருக்குள் நின்றுவிடும்.

ஹோர்ன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் நிலம் பிரித்தானியாவிலிருந்து வேறுபடுகிறது. ஹோர்னே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குருட்டு முடக்கில் அது அவசியம். ஆனால் முடக்குக்கு வெகு முன்னாலேயே, குறுகலாக ஒரு தடவை அடிப்பது போதும். குதிரை கண்ணில் பட்ட பிறகு கை ஹோர்னைத் தொடக்கூடாது. பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரிவிக்க ஹசாட் லைட் இருக்கிறது. கண்ணாடியை இறக்கி, குதிரைக்காரரைச் சாதாரணக் குரலில் “அண்ணே, போகலாமா?” என்று கேட்கவும் முடியும். மனிதக் குரல் குதிரைக்குப் பழக்கமானது. இப்படிக் கேட்கிற சாரதிகளைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் மரக்கறி லொறிக்காரர்கள்.

கயிற்றைப் பிடிப்பவருக்கு

குதிரைக்காரர்கள் வழிவழியாகக் குதிரையின் இடப்பக்கம் நின்றே அதை நடத்துகிறார்கள். சேணம் பூட்டுவதும் ஏறுவதும் இடப்பக்கம் என்பதால் வந்த பழக்கம். இடப்பக்கப் போக்குவரத்து உள்ள ரோட்டில் இது ஆபத்தானது. மனிதர் ரோட்டோரக் கானுக்கும் (வடிகாலுக்கும்) குதிரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார், குதிரை வண்டிகளின் பக்கம் திறந்து நிற்கிறது. மிரண்டு வலப்பக்கம் பாய்ந்தால் தடுக்க யாரும் இல்லை. இடப்பக்கம் பாய்ந்தால் அவர் மீதே விழும். வீதியில் நடத்தும்போது குதிரை இடப்பக்கமும், அதற்கும் வண்டிகளுக்கும் நடுவில் மனிதரும் இருக்க வேண்டும். வலப்பக்கமிருந்து நடத்தக் குதிரையை முதலில் வாவிக்கரைப் புல்வெளியில் சில வாரங்கள் பழக்க வேண்டும். இருபது வருடப் பழக்கத்தை மாற்றச் சொல்வது இலேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். கையை மாற்றினால் உயிர் மிஞ்சும் என்பதால் கேட்கிறேன்.

கயிற்றைக் கையிலோ மணிக்கட்டிலோ சுற்றவே கூடாது. மடித்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். விட வேண்டிய நேரத்தில் விட முடிய வேண்டும். அன்று சாம்பல் குதிரையோடு இழுபட்டவர் செய்த ஒரே தவறு அந்தச் சுற்று. வீதியில் வெறும் கழுத்துக்கயிறு போதாது, கடிவாளமும் வேண்டும். ஒரு மனிதர் ஒரு குதிரையைத்தான் நடத்தலாம். மாலையில் லாயத்துக்குத் திரும்பும்போது ஒருவரே மூன்றைக் கோத்துக்கொண்டு போவது நகரில் சாதாரணக் காட்சி. நடுக்குதிரை மிரண்டால் மற்ற இரண்டையும் அது தன்னோடு இழுத்துவிடும்.

லாடம் இரும்பு. தேய்ந்து வழுவழுப்பான தார் ரோட்டில், அதிலும் ஈரத்தில், இரும்பு வழுக்கும். பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சும், கான் மூடிகளும் இன்னும் மோசம். இறக்கத்தில் நடையை மீறி ஓட விடக்கூடாது. செங்குத்தான இறக்கத்தில் சவாரிக்காரர் இறங்கி நடப்பதே சரி. சமதரையில் நன்றாகப் போகும் குதிரை, பதுளைப் பக்கமாக ஹக்கலைக்கு இறங்கும் பாதையில் பின்னங்கால் வழுக்கி உட்கார்ந்துவிடும்.

நேரத்தைத் தெரிந்தெடுப்பதும் குதிரைக்காரர் கையில்தான் உண்டு. பனி இறங்கிய பிறகு வீதியில் குதிரை வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால், மனிதருக்கு ஒளி தெறிக்கும் மேற்சட்டை, குதிரையின் கால்களில் குளம்புக்குச் சற்று மேலே ஒளி தெறிக்கும் பட்டி, முன்னால் வெள்ளை வெளிச்சமும் பின்னால் சிவப்பும். கால் பட்டிக்கு ஒரு காரணம் இருக்கிறது: வண்டியின் தாழ்ந்த வெளிச்சம் முதலில் படுவது குதிரையின் கால்களில், அந்தக் கால்கள் அசைவதால் சாரதிக்குச் சட்டென்று உயிர் என்று தெரிகிறது.

சவாரிக்கு ஏறும் விருந்தினருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை ஏற்றிப் படம் எடுக்கும் ஆசை எனக்கும் புரியும். தலைக்கவசம் இல்லாமல் ஏற்றாதீர்கள். குதிரையின் முதுகில் உட்கார்ந்த பிள்ளையின் தலை, நிற்கிற பெரியவரின் தலையைவிட உயரத்தில் இருக்கிறது, கீழே தார். குதிரைச் சவாரிக்கென்று செய்த கவசம் இல்லையென்றால், வாவியைச் சுற்றிய புல்லில் மட்டும் நடத்தச் சொல்லுங்கள், வீதிக்கு வரவேண்டாம். காலில் செருப்பு வேண்டாம். குதி வைத்த மூடிய சப்பாத்து வேண்டும். விழும்போது பாதம் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும், குதி அதைத் தடுக்கும். குதிரை சுமக்கும் மொத்தப் பாரம், சேணத்தோடு சேர்த்து, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ. தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஏறுவது இந்தக் கணக்கில் அடங்காது.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் வீதிக் குதிரைக்கென்று ஒரே இடத்தில் தொகுத்த விதிகளை நாடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், பெயருக்கேற்ப மோட்டார் வண்டியை ஓட்டுகிறவரைத்தான் பெரிதும் பேசுகிறது. பொறுப்பற்றும் ஆபத்தான வேகத்திலும் ஓட்டுவது குற்றம் என்ற பொது விதி குதிரைக்கு முன்னாலும் பொருந்தும். 1883இலிருந்து இருக்கும் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் பழைய காலத்தது என்பதால் குதிரையை மறக்கவில்லை. பொது வழியில் உயிருக்கு ஆபத்து நேரும்படி அசட்டையாக வண்டி ஓட்டுவதோடு, அப்படிச் சவாரி செய்வதையும் குற்றமாக்குகிறது. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறுவதும் குற்றமே. ஆக, குதிரையில் இருப்பவரும் சட்டத்துக்கு வெளியே இல்லை.

குதிரையின் பக்கம் நிற்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். நொண்டும் விலங்கை, புண்பட்ட விலங்கை வேலை வாங்குவதை அது தடுக்கிறது. ஆனால் அது சொல்லும் தண்டப்பணம் 100 ரூபாய். 1907இல் 100 ரூபாய் பெரிய தொகை. இன்று ஒரு ரீ குடித்து வடை சாப்பிடவும் காணாது. புதிய விலங்கு நலச் சட்டமூலத்தைச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே வரைந்தது. அது இத்தனை வருடம் இழுபட்டதில் எனக்குக் கோபம் உண்டு, காரணம் காலில் ஆணி ஏறிய குதிரை வீதியில் தடுமாறினால் அது வதை மட்டுமில்லை, விபத்தும்தான்.

நட்டஈடு என்று வந்தால் நம் நாட்டில் உரோமன்-டச்சுச் சட்ட மரபு குறுக்கே வரும். வளர்ப்பு விலங்கால் நேர்ந்த சேதத்துக்கு அதன் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் பழைய வழக்கு முறை அதில் உண்டு. அந்த விலங்கை வேறொருவர் சீண்டியதால் அது அப்படி நடந்தது என்று காட்டுவது எதிர்வாதமாக நிற்கும். குதிரைக்குப் பின்னால் அடித்த நீண்ட ஹோர்ன் எந்தக் கணக்கில் சேரும் என்பதை இந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு சாரதியும் யோசிக்கலாம்.

சட்டத்தைவிட விரைவாக வேலை செய்யக்கூடியது மாநகர சபை. குதிரைச் சவாரியை முழுதாகத் தடைசெய்யச் சொல்லும் குரல்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதை நம்பிச் சாப்பிடுகிற குடும்பங்கள் நகரில் இருக்கின்றன, பலருக்குச் சீசனில் சேர்ப்பதுதான் வருடத்துக்கும். எனக்கு வேண்டியது பாதை. ரேஸ்கோர்ஸ் பக்கத்திலிருந்து வாவிக்கரைக்கு மண் போட்ட குதிரை வழி. பதுளை வீதியைக் கடக்க ஒரே ஒரு இடம், அங்கே மூன்று மொழியிலும் குதிரைப் படத்தோடும் பலகை, சீசனில் ஒரு பொலிஸ்காரர். ஒவ்வொரு குதிரைக்கும் எண்ணும் உரிமையாளர் பெயரும். இந்த மூன்றும் இருந்தால் மேலே நான் எழுதியதில் பாதி தேவைப்படாது.

விழுந்துவிட்டால்

விபத்து நடந்த இடத்தில் முதலில் வண்டிகளை நிறுத்த வேண்டும், இரு பக்கமும், முடக்குக்கு அப்பாலேயே. விழுந்தவரின் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். கழுத்தை அசைக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸுக்கு 119. ஓடிய குதிரையைத் துரத்தாதீர்கள், துரத்தினால் ஓட்டம் கூடும். குதிரைக்காரர் தனியே, பக்கவாட்டிலிருந்து, பேசிக்கொண்டே நெருங்கட்டும். விழுந்து கிடக்கும் குதிரையின் வயிற்றுப் பக்கமும் கால் பக்கமும் யாரும் போகக்கூடாது. எழ முயலும்போது அந்தக் கால்கள் எலும்பை முறிக்கும். முதுகுப் பக்கமிருந்து தலையை அணுகலாம். எழுந்து நின்றாலும் அதன் மேல் ஏறி வீட்டுக்குப் போகக்கூடாது. அரசு மிருக வைத்தியர் பார்க்க வேண்டும்.

சிராய்ப்பு என்று விட்டுவிடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏற்புவலிக் (டெட்டனஸ்) கிருமி குதிரைச் சாணத்தில் சாதாரணமாக இருக்கும். குதிரை நடக்கும் ரோட்டில் விழுந்து தோல் உரிந்தால், காயம் சிறிதானாலும் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். லயத்தில் வளர்ந்த என் தலைமுறையில் இதை மஞ்சள் பூசி ஆற்றப் பார்த்தவர்கள் பலர்.

உரிமையாளர் இல்லாத குதிரைகள்

கடைசியாக, யாரும் கயிறு பிடிக்காத குதிரைகள். சீசன் முடிந்து, தீனிச் செலவு தாங்காமல் அவிழ்த்துவிட்டவை, வயது போனவை, அவற்றுக்குப் பிறந்த குட்டிகள். பகலில் வாவிக்கரையில் மேயும். இரவில் வீதிக்கு வரும். இவற்றின் முன்னால் மேலே சொன்ன விதிகளில் பாதி பயனற்றுப் போகிறது, ஏனென்றால் பேசுவதற்கு மனிதர் இல்லை. கறுப்பும் கபிலமுமான குதிரை பனிக்குள் நின்றால், வெளிச்சத்தில் முதலில் தெரிவது இரண்டு கண்களின் பச்சை மினுக்கம்தான். பனியில் ஹெட்லைட்டை உயர்த்தினால் பனியே வெள்ளைச் சுவராக எழும்; தாழ்த்தியே ஓட்ட வேண்டும். குட்டி ஒன்று கடந்தால் தாய் பின்னால் வரும், தாய் கடந்தால் குட்டி வரும். ஒன்றைக் கண்டதும் இன்னொன்று இருக்கிறது என்றே எண்ண வேண்டும்.

அப்பா லொறி ஓட்டிய கடைசி வருடங்களில், விடியப்புறம் மூன்று மணிக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் சாரதிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இன்றும் இருக்கிறது. எதிரே ஏறி வருகிறவர் லைட்டை இரண்டு தடவை வெட்டுவார். இறங்குகிறவர் நிறுத்துவார். இரண்டு கண்ணாடிகளும் கீழே இறங்கும்.

“கீழ பாலத்துகிட்ட குதிர நிக்குதுண்ணே. குட்டியும் இருக்கு.”

“சரி தம்பி.”

அதற்குப் பிறகு அந்த லொறி பாலத்தைத் தாண்டும்வரை இரண்டாம் கியரில்தான் போகும்.